மியாவாடியில் சிக்கிய பிள்ளைகள்: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டு வேலை என்று கிளம்பிப்போய் மியான்மர், கம்போடியா நாடுகளின் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டவர்களைப் பற்றி, சென்னையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். முகாமில் இருப்பவர்களின் பாதுகாப்புக்காக எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டோம். இந்த வழக்குகளைக் கையாளும் வழக்கறிஞர்களும் மீட்பு வேலையில் இருப்பவர்களும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

பி.காம். முடித்த என் மகனுக்கு பாங்காக்கில் 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' வேலை வாங்கித் தருவதாக டெலிகிராமில் ஓர் ஏஜென்ட் சொல்கிறார். மாதம் 80,000 ரூபாய் சம்பளம். ஜூமில் பத்து நிமிட இன்டர்வியூ, டைப்பிங் டெஸ்ட் எல்லாம் முடிந்துவிட்டது. சுற்றுலாவாகப் போய் இறங்கினால் விசாவை அங்கேயே மாற்றித் தருவார்களாம். 60,000 ரூபாய் கேட்கிறார். நம்பலாமா?
– தந்தை, பெரம்பூர்

நம்ப வேண்டாம். பணமும் தர வேண்டாம், பாஸ்போர்ட் நகலும் அனுப்ப வேண்டாம். 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்' என்ற இதே பதவிப் பெயரைக் குறிப்பிட்டு, தாய்லாந்து வேலை என்று ஐ.டி. படித்த இளைஞர்களை மியான்மருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. பதவியின் பெயரைக்கூட மாற்றாமல் இன்றும் அதே வலையை வீசுகிறார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, ஏஜென்ட்டின் உரிமம். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் 10-ஆவது பிரிவின்படி, பதிவு பெறாத யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. உரிம எண்ணை ஏஜென்ட்டிடம் கேளுங்கள். அந்த எண் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. உரிமம் இன்னும் செல்லுபடியாகிறதா, பட்டியலில் உள்ள முகவரியும் தொலைபேசி எண்ணும் உங்களிடம் பேசுகிறவருடையவைதானா என்று பாருங்கள். வேறொரு நிறுவனத்தின் எண்ணைத் தங்களுடையதாகக் காட்டுவது வழக்கமான தந்திரம். பட்டியலில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் போட்டு, 'இந்த வேலைக்கு நீங்கள் ஆள் எடுக்கிறீர்களா' என்று கேட்டால் அஞ்சு நிமிடத்தில் சாயம் வெளுத்துவிடும்.

இரண்டாவது, கட்டணம். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். அதையும் ரசீதோடு வாங்க வேண்டும். தனிநபரின் யு.பி.ஐ. எண்ணுக்கு 60,000 அனுப்பச் சொல்வது, ஏஜென்ட் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார் என்பதற்குப் போதுமான அடையாளம்.

மூன்றாவது, விசா. தாய்லாந்தில் வேலைக்குப் போகிறவர் 'நான்-இமிகிரன்ட் பி' என்ற விசாவை இங்கிருந்தே வாங்கிப் போவதுதான் முறை. அதற்கு அந்த நிறுவனம் தாய்லாந்திலிருந்து ஆவணங்கள் அனுப்ப வேண்டும். ஒரு வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளப் பொதுவாக நான்கு தாய்லாந்துக்காரர்களை வேலையில் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு. இத்தனை நிபந்தனைகள் உள்ள நாட்டில், டைப்பிங் டெஸ்ட் மட்டும் பார்த்துவிட்டு 80,000 ரூபாய்க்கு ஓர் இளைஞரைக் கூப்பிட எந்த உண்மையான நிறுவனத்துக்கும் தேவை இல்லை.

பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாத ஓர் ஓட்டை நம் சட்டத்திலேயே இருக்கிறது. தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்குத்தான் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். அவர்களுடைய ஒப்பந்தத்தை ஓர் அதிகாரியாவது பார்க்கிறார். உங்கள் மகனைப் போன்ற பட்டதாரிகளுக்கு அந்தச் சோதனை கிடையாது. மியான்மர், கம்போடியா, லாவோஸ் மூன்றும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. கொத்தனாரையும் வீட்டுப் பணிப்பெண்ணையும் மனதில் வைத்து வரைந்த சட்டம் இது. ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் தெரிந்த பிள்ளைகளைத் தேடிவரும் கும்பலுக்கு இந்த ஓட்டை நன்றாகத் தெரியும். 2022 ஜனவரி முதல் 2024 மே வரை தாய்லாந்து, கம்போடியா, மியான்மர், வியட்நாம் நாடுகளுக்குச் சுற்றுலா விசாவில் போன 73,138 இந்தியர்களில் 29,466 பேர் திரும்பவில்லை என்பது மத்திய அரசு திரட்டிய கணக்கு. எல்லோரும் முகாமில் இருக்கிறார்கள் என்று பொருள் கொள்ள முடியாது. ஆனாலும் அந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகும் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தையே வைத்துக்கொண்டு காலம் தள்ளியதை எங்களால் ஏற்க முடியவில்லை.

வெளிநாட்டு வேலைதான் வேண்டும் என்றால், கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அங்கே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

என் தம்பி பாங்காக் போய் இறங்கிய அன்று இரவு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "வண்டி ரொம்ப தூரம் போகுதுக்கா" என்றான். நான்கு நாள் கழித்து வேறொரு எண்ணிலிருந்து "மியாவாடி, பாஸ்போர்ட்டை வாங்கிட்டாங்க" என்று மட்டும் வந்தது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. எங்கே போய் நிற்பது என்றே தெரியவில்லை.
– அக்கா, வியாசர்பாடி

சகோதரி, அந்த ஒற்றை வரிச் செய்தியே பெரிய தகவல். இடம் தெரிந்துவிட்டது. பாங்காக்கிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் வடமேற்கில் மே சோட் என்ற எல்லை ஊர். அதை ஒட்டி ஓடுவது மொய் ஆறு. அக்கரையில் மியான்மரின் மியாவாடி. நடுவில் ஓரிரு முறை வண்டி மாற்றி, படகில் ஆற்றைக் கடத்திக் கொண்டுபோய்விடுகிறார்கள். மியாவாடிக்குத் தெற்கே 'கே.கே. பார்க்', வடக்கே 'ஷ்வே கோக்கோ' என்று மதில் சூழ்ந்த முகாம்கள் வரிசையாக இருக்கின்றன.

அந்த எண்ணுக்கு நீங்களாக அழைக்காதீர்கள். அது உடன் இருப்பவரின் போனாக இருக்கலாம், மேலாளர் சோதிக்கும் போனாகவும் இருக்கலாம். அவர் கூப்பிடும்வரை காத்திருங்கள். கூப்பிட்டால் முதலில் சாதாரணமாகப் பேசி, தனியாக இருக்கிறாரா என்பதை ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியால் தெரிந்துகொள்ளுங்கள். தனியாக இருந்தால் கேட்க வேண்டியவை: லொக்கேஷன் அனுப்ப முடியுமா, கட்டட எண், மாடி, நிறுவனம் தன்னை என்ன பெயரில் அழைத்துக்கொள்கிறது, மேலாளரின் பட்டப்பெயர், ஜன்னலிலிருந்து ஆறு தெரிகிறதா, உடன் எத்தனை இந்தியர்கள். அனுப்பியதை உடனே அழிக்கச் சொல்லுங்கள். போட்டோவோ வீடியோவோ எடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு மின்சாரத் தடியால் அடி, இருட்டறை, வேறு முகாமுக்கு விற்பனை என்பதுதான் நடக்கிறது.

ஏஜென்ட்டோடு சண்டை போடாதீர்கள். நீங்கள் புகார் கொடுக்கப் போவது தெரிந்தால் அவர் செய்யும் முதல் காரியம் உரையாடலை அழிப்பது. டெலிகிராமில் ஒருவர் அழித்தால் இரண்டு பக்கமும் அழியும். ஆகவே முதல் நாளே எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஏஜென்ட்டின் பயனர் பெயரும் எண்ணும் தெரியும்படி மேலிருந்து கீழ்வரை ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் செய்யுங்கள். வாய்ஸ் மெசேஜ்களைத் தனியாகச் சேமியுங்கள். பணம் அனுப்பிய ஒவ்வொரு முறைக்கும் 12 இலக்க யு.பி.ஐ. பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வையுங்கள். அந்த போனை விற்கவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் தர அந்தக் கருவி வேண்டும்.

அடுத்து மனு. ஒரே ஒரு பக்கம் போதும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, சென்னையிலிருந்து கிளம்பிய தேதி, விமான எண், ஏஜென்ட்டின் பெயரும் எண்களும் வங்கிக் கணக்கும், கொடுத்த தொகை, கடைசியாகப் பேசிய தேதி, தெரிந்த இடம், குடும்பத்தில் தொடர்புகொள்ள வேண்டிய ஒருவரின் எண். பாஸ்போர்ட் நகல், டிக்கெட், போட்டோ இணைப்பு.

பொருள் என்ற இடத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் பல குடும்பங்கள் தவறிவிடுகின்றன. 'பணத்தை வாங்கி ஏமாற்றிவிட்டார்' என்று எழுதினால் காவல் நிலையத்தில் அது கொடுக்கல் வாங்கல் தகராறு. 'காணவில்லை' என்று எழுதினால் தேடுதல் மனு. 'ஆள்கடத்தல்: பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 143, குடிபெயர்வுச் சட்டம் பிரிவு 10 மற்றும் 24' என்று எழுதுங்கள். தம்பி விரும்பித்தானே போனார் என்று கேட்பார்கள். ஏமாற்றி அழைத்துச் சென்றிருந்தால் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டல்ல என்று 143-ஆவது பிரிவின் விளக்கமே சொல்கிறது.

இந்த மனு ஒரே நாளில் நான்கு இடங்களுக்குப் போக வேண்டும். உங்கள் பகுதிக் காவல் நிலையம். சேப்பாக்கம் எழிலகத்தில் உள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகம். அதன் 24 மணி நேர உதவி எண் 1800 309 3793, வெளிநாட்டிலிருந்து +91 80 6900 9900, 9901. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளம். இதில் கிடைக்கும் பதிவு எண்ணைப் பத்திரமாக வையுங்கள். நான்காவதாக, யாங்கோனில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கும் பாங்காக்கில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கும் மின்னஞ்சல். இரண்டுக்கும் ஏன் என்றால், அவர் இருப்பது மியான்மர் மண்ணில். வெளியே வந்தால் பெரும்பாலும் மே சோட் வழியாகத்தான் வருவார். ஒரு தூதரகத்துக்கு மட்டும் எழுதிவிட்டு, அது மற்றதற்கு அனுப்பும்வரை காத்திருந்து வாரங்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு வாரம் ஒருமுறை, மதத் எண்ணையும் முந்தைய கடிதத் தேதியையும் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்புங்கள். முகாமிலிருந்து கூட்டமாக ஆட்கள் வெளியேறும்போது, தூதரக அதிகாரிகள் கையில் வைத்திருக்கும் பட்டியலில் தம்பியின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் முன்பே இருந்தால் அடையாளம் காண்பது எளிது.

மியான்மர் போலீசுக்கோ ராணுவத்துக்கோ நேரடியாக மனு அனுப்பினால் என்ன? ஒரு நாட்டின் அரசு நினைத்தால் நான்கு கட்டடங்களைச் சோதனை போட முடியாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்

நியாயமான கேள்வி ஐயா. ஆனால் அனுப்பாதீர்கள். அந்த மனு யார் மேசைக்குப் போகும் என்பதைத் தெரிந்துகொண்டால் காரணம் புரியும்.

மியாவாடிப் பகுதியைக் கையில் வைத்திருப்பது சா சிட் து என்பவரின் ஆயுதப் படை. 2010-இல் மியான்மர் ராணுவமே தன் கீழ் அமைத்த எல்லைக் காவல் படை அது. 2024-இல் 'கரேன் தேசிய ராணுவம்' என்று பெயரை மாற்றி, ராணுவத்திலிருந்து விலகிவிட்டதாக அறிவித்தது. அடுத்த மாதமே ராணுவ ஆட்சியை எதிர்க்கும் படைகள் மியாவாடியைப் பிடித்தபோது, ராணுவம் திரும்ப உள்ளே வர உதவியதும் இதே படைதான். முகாம்கள் நிற்கும் நிலம், காவல், ஆற்றின் படகுத்துறைகள் எல்லாம் இவர்கள் கட்டுப்பாட்டில். சா சிட் துவுக்கும் அந்தப் படைக்கும் எதிராக 2025 மே மாதம் அமெரிக்கா தடை விதித்தது. பிரிட்டன் அதற்கு முன்பே, 2023-இல், அவர்மீது தடை விதித்திருந்தது.

2021 பிப்ரவரி 1-ஆம் தேதி மின் ஆங் லைங் தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதன் பிறகு நாட்டின் பல பகுதிகளில் போர். எல்லையைத் தக்கவைக்க ராணுவத்துக்கு இந்த உள்ளூர்ப் படைகள் தேவை. படைகளுக்கு முகாம்களின் பணம் தேவை. ஆள்கடத்தலுக்கு எதிராக 2005-லேயே மியான்மர் சட்டம் இயற்றியிருக்கிறது. அதைச் செயல்படுத்த வேண்டியவர்கள் முகாம் முதலாளிகளின் கூட்டாளிகளோடு கைகோத்து நிற்கிறார்கள். இதையெல்லாம் எழுத வேண்டிய உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள் சிறையில் இருக்கிறார்கள், அல்லது எல்லை தாண்டிவிட்டார்கள். மியான்மர் முகாம்களில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இந்த மோசடி வேலையில் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது.

அந்த ஆட்சியால் முடியாது என்று சொல்வதற்கில்லை. வடக்கே சீன எல்லையில் உள்ள லவுக்காய் நகரிலும் இதே தொழில் இதேபோல் ஆண்டுக்கணக்கில் நடந்தது. சீனா கடுமையாக அழுத்தியது. 2023 அக்டோபரில் இன ஆயுதக் குழுக்கள் அந்தப் பகுதிமீது படையெடுத்தன. சில மாதங்களில் முதலாளிக் குடும்பங்கள் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டன. மிங் குடும்பக் கும்பலைச் சேர்ந்த 11 பேருக்கு 2025 செப்டம்பரில் சீன நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மரண தண்டனையை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஆனால் அழுத்தம் எங்கே வலுவாக இருக்கிறதோ அங்கே கதவு திறக்கிறது என்பது கண்கூடு.

மியாவாடியிலும் அப்படித்தான் நடந்தது. 2025 ஜனவரியில் வாங் ஷிங் என்ற சீன நடிகர் மே சோட் வழியாகக் கடத்தப்பட்டு, பெரும் கூச்சலுக்குப் பிறகு மீட்கப்பட்டார். பிப்ரவரி 5-ஆம் தேதி தாய்லாந்து தன் பக்கத்திலிருந்து போகும் மின்சாரம், எரிபொருள், இணையம் மூன்றையும் நிறுத்தியது. சில வாரங்களில் சுமார் 7,000 பேரை உள்ளூர்ப் படைகள் வெளியே விட்டன. மார்ச் 10, 11 தேதிகளில் இந்திய விமானப்படை விமானங்களில் 283 பேரும் 266 பேரும் நாடு திரும்பினார்கள். முகாம்கள் ஜெனரேட்டரையும் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையக் கருவிகளையும் வைத்துத் தொழிலைத் தொடர்ந்தன.

2025 அக்டோபரில் ராணுவமே கே.கே. பார்க்கில் புகுந்து, சோதனை என்று அறிவித்துக் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தது. டிசம்பரில் தேர்தல் நடத்தி உலகத்திடம் அங்கீகாரம் கேட்கவிருந்த நேரம் அது. 1,500-க்கும் மேற்பட்டோர் ஆற்றைக் கடந்து மே சோட்டுக்கு ஓடிவந்தார்கள். அவர்களில் இந்தியர்களை நவம்பரில் சில தவணைகளாக, முதலில் 270 பேர், பிறகு 197 பேர் என்று விமானப்படை அழைத்துவந்தது. முகாமை நடத்தியவர்களில் பெரிய தலை எதுவும் ராணுவத்தின் நீதிமன்றத்தில் நின்றதாகத் தெரியவில்லை. இடிப்பது கேமராவுக்குத் தெரியும். விசாரித்தால் கூட்டாளிகளின் பெயர் வெளியே வரும்.

இதிலிருந்து நமக்கான பாடம் நடைமுறை சார்ந்தது. மியான்மர் தலைநகர் நேப்பிடோவில் மனுவுக்கு மதிப்பில்லை. டெல்லியும் பாங்காக்கும் கொடுக்கும் அழுத்தத்துக்கு மதிப்பு உண்டு. மனுக்கள் அங்கே குவிய வேண்டும். 2022 செப்டம்பரில் சுமார் 50 தமிழர்கள் உட்பட 300 இந்தியர்கள் சிக்கியிருப்பதாக முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மாதத் தொடக்கத்தில் 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள். உங்கள் தொகுதி எம்.பி.யிடம் மனுவைக் கொடுத்து, நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வக் கேள்வியாக எழுப்பச் சொல்லுங்கள். அமைச்சகம் எண்ணிக்கையோடு பதில் தந்தாக வேண்டிய இடம் அது.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். "சம்பவம் வெளிநாட்டில், எங்களால் எஃப்.ஐ.ஆர். போட முடியாது" என்கிறார்கள். உண்மையா?
– தாய், எண்ணூர்

இல்லை அம்மா. உங்கள் மகனை ஆசைகாட்டிப் பேசியது சென்னையில், பணம் வாங்கியது சென்னையில், விமானம் ஏற்றியது மீனம்பாக்கத்தில். குற்றத்தின் ஒரு பகுதி இங்கேயே நடந்திருக்கிறது. முழுக்க வெளிநாட்டில் நடந்த குற்றத்துக்கு, நீதிமன்ற விசாரணைக் கட்டத்தில் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி ஒன்று உண்டு. அதைத்தான் குழப்பிக்கொள்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். பதிவதற்கு அது தடையே இல்லை. 'எங்கள் எல்லை இல்லை' என்பதும் செல்லாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-ஆவது பிரிவின்படி எந்த நிலையத்திலும் பதியலாம்.

'முதலில் விசாரித்துவிட்டுப் பதிகிறோம்' என்றும் சொல்வார்கள். 14 நாள் பூர்வாங்க விசாரணை என்பது மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும். ஆள்கடத்தலுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு. ஒருவருக்கு மேல் கடத்தியிருந்தால் பத்து ஆண்டு முதல் ஆயுள்வரை. அதனால்தான் அதே ஏஜென்ட் அனுப்பிய மற்றப் பிள்ளைகளின் குடும்பங்களைக் கண்டுபிடித்துச் சேர்ந்து புகார் கொடுக்கச் சொல்கிறோம். வழக்கின் எடையே மாறும்.

மறுத்தால், சி.எஸ்.ஆர். நகலை இணைத்து, புகாரை அப்படியே காவல் துணை ஆணையருக்குப் பதிவுச் சேவையும் சேர்த்து விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். வேப்பேரி ஆணையர் அலுவலகத்தில் உள்ள மத்தியக் குற்றப்பிரிவுக்கும் ஒரு பிரதி. அங்கும் அசையவில்லை என்றால் பிரமாணப் பத்திரத்துடன் நடுவர் நீதிமன்றத்தில் மனு. தபால் ரசீதுகள் இல்லாமல் நடுவரிடம் போனால் மனு திரும்பிவிடும், ஆகவே ஒரு துண்டுச் சீட்டையும் தொலைக்காதீர்கள். வக்கீல் செலவுக்குக் கவலை வேண்டாம். ஆள்கடத்தலால் பாதிக்கப்பட்டவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100.

இன்னொன்று. குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் ஏஜென்ட்மீது வழக்குத் தொடர மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்பது பொது விதி. ஆனால் பாதிக்கப்பட்டவரோ அவருடைய பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவரோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை என்று 27-ஆவது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. காவல் நிலையத்திலும் பலருக்கு இது தெரியாது. ஆகவே புகாரில் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். அக்கம்பக்கத்தவரோ சங்கத்துக்காரரோ கையெழுத்திட வேண்டாம். அந்தச் சட்டத்தில் அபராதம் இன்னும் 2,000 ரூபாயாக நிற்பது வேதனை. சிறை இரண்டு ஆண்டுவரை உண்டு.

விடுவிக்க ஐயாயிரம் டாலர் கேட்கிறார்கள். கிரிப்டோவில் அனுப்பச் சொல்கிறார்கள். வீட்டை அடமானம் வைக்கலாமா?
– அண்ணன், பூந்தமல்லி

பணம் கட்டி வெளியே வந்தவர்கள் உண்டு. கட்டிய பிறகு 'இன்னும் மூவாயிரம்' என்று கேட்கப்பட்டவர்களும், அடுத்த முகாமுக்கு விற்கப்பட்டவர்களும் உண்டு. பணம் வாங்குகிறவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை, நீங்கள் முறையிட அங்கே ஒரு காவல் நிலையமும் இல்லை. புகார் கொடுப்பதற்கு முன் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அவர்கள் கொடுத்த கிரிப்டோ முகவரி, பேசிய எண், கெடு வைத்த தேதி எல்லாவற்றையும் விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். 'இடைத்தரகர் நான், பேசி முடித்துத் தருகிறேன்' என்று இங்கேயே ஒருவர் முளைப்பார். அவர் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.

முகாமுக்குள் இருப்பவரை, 'வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பணம் புரட்டுகிறார்கள்' என்று மேலாளரிடம் சொல்லவிடுவது காலத்தை வாங்கித் தரும். பணம் வரும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை அடி குறையும். வீட்டை அடமானம் வைப்பதா என்ற முடிவு உங்கள் குடும்பத்தினுடையது. அதற்காக உங்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

"இப்போது பாங்காக் விமான நிலையத்தில் இருக்கிறேன். கார் வந்திருக்கிறது. சந்தேகமாக இருக்கிறது" என்று ஒருவர் போன் செய்தால் என்ன சொல்வது?
– வாசகர், குரோம்பேட்டை

ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏறிவிட்டால் மேப்பைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பாங்காக்கில் வேலை என்றால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பயணம் முடிந்துவிடும். நகோன் சவான், தாக் என்ற ஊர்ப்பெயர்கள் வந்தால் வண்டி மே சோட் நோக்கிப் போகிறது. பெட்ரோல் பங்கிலோ கடையிலோ நிற்கும்போது ஆட்கள் இருக்கும் பக்கம் இறங்கிப்போய் 1155-ஐ அழைக்கச் சொல்லுங்கள். அது சுற்றுலாப் போலீஸ், ஆங்கிலத்தில் பேசலாம். அவசரப் போலீஸ் 191, ஆள்கடத்தல் புகாருக்கு 1300. ஆற்றங்கரைவரை தாய்லாந்துச் சட்டம் கைகொடுக்கும். கடந்துவிட்டால், அனுமதியில்லாமல் மியான்மருக்குள் நுழைந்த குற்றமும் பாதிக்கப்பட்டவர் தலையிலேயே விழும்.

கம்போடியாவில் இருக்கும் நண்பன் அங்குள்ள போலீசுக்குத் தகவல் சொல்லலாமா?
– வாசகர், ஆவடி

தூதரகம் வழியாகச் சொல்லுங்கள். கம்போடியாவில் மியான்மர் போல உள்நாட்டுப் போர் இல்லை, அரசு முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதனாலேயே அதன் மௌனத்துக்குப் பொறுப்பும் அதிகம். ஆம்னெஸ்டி அமைப்பு 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை குறைந்தது 53 முகாம்களைப் பட்டியலிட்டது. உதவி கேட்டவரை மட்டும் வாசலில் மேலாளரிடமிருந்து வாங்கிக்கொண்டு, உள்ளே போகாமலே போலீஸ் திரும்பிவிடுவதையும் அது பதிவு செய்தது. உள்ளே இருப்பவர் நேரடியாகப் புகார் கொடுத்தால் யார் கொடுத்தார் என்ற தகவல் முகாமுக்கே போய்ச் சேரும் ஆபத்து உண்டு. நோம் பென்னில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு, மேலே சொன்ன ஒரு பக்க மனுவையே அனுப்பலாம். அங்கிருந்தும் நூற்றுக்கணக்கான இந்தியர்கள் மீட்கப்பட்டிருக்கிறார்கள்.

என் கணவர் மீட்கப்பட்டு வருகிறார். அங்கே அவரையும் அமெரிக்கர்களிடம் மோசடி செய்ய வைத்திருக்கிறார்கள். இங்கே வந்ததும் கைது செய்வார்களா? பாஸ்போர்ட்டும் இல்லை.
– மனைவி, திருவொற்றியூர்

வந்து இறங்கியதும் விசாரணை நிச்சயம் இருக்கும். திரும்புகிறவர்கள் கூட்டத்திலேயே ஆள் சேர்த்த ஏஜென்ட்டுகளும் வருகிறார்கள், அவர்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. கடத்தப்பட்டவர் கட்டாயத்தின் பேரில் செய்த குற்றத்துக்கு அவரைத் தண்டிக்கக் கூடாது என்பது உலகம் ஏற்ற கொள்கை. ஐ.நா.வின் ஆள்கடத்தல் நெறிமுறையை இந்தியா 2011-இல் ஏற்றது. ஆனால் அந்தப் பாதுகாப்பு நம் சட்டத்தில் தெளிவாக எழுதப்படவில்லை. மிரட்டலுக்குப் பணிந்து செய்த செயலுக்கான விலக்கு, அந்த நொடியே உயிர் போகும் என்ற அச்சம் இருந்தால்தான் பொருந்தும். ஆகவே கட்டாயம் நடந்ததை ஆவணமாகக் காட்டுவது முக்கியம்.

வந்த ஓரிரு நாளில் அரசு மருத்துவமனையில் காட்டி, காயங்களைப் பதிவு செய்யுங்கள். தழும்பு மங்குவதற்குள் செய்ய வேண்டும். எந்தத் தேதியில் யார் அழைத்துப்போனார், எந்த முகாம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், என்ன இலக்கு, தவறினால் என்ன அபராதம், சம்பளம் வந்ததா என்று அவர் கைப்பட எழுதட்டும். வக்கீல் உடன் இருக்க வாக்குமூலம் கொடுக்கட்டும். அங்கே பயன்படுத்திய போன் கையோடு வந்திருந்தால் எதையும் அழிக்க வேண்டாம், அழித்தது தெரிந்தால் பாதிக்கப்பட்டவர் சந்தேக நபர் ஆகிவிடுவார். அவர் கமிஷனுக்காக நம் ஊரிலிருந்து வேறு யாரையாவது வரவழைத்திருந்தால், அதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வழக்கு திரும்பும் இடம் பெரும்பாலும் அதுதான்.

பாஸ்போர்ட்டுக்குப் பதில் தூதரகம் தரும் அவசரச் சான்றிதழில் அவர் வருவார். அது ஒருவழிப் பயணத்துக்கு மட்டும். விமான நிலையத்தில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்பதால், முன்பே நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். புதிய பாஸ்போர்ட்டுக்கு 'தொலைந்தது, மறு வழங்கல்' என்ற பிரிவில் விண்ணப்பித்து, எஃப்.ஐ.ஆர். நகலும் பிரமாணப் பத்திரமும் கொடுக்க வேண்டும். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 3,000 ரூபாய். சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் சேவா மையங்களில் எதிலும் தேதி எடுக்கலாம். எஃப்.ஐ.ஆரில் 'தொலைந்தது' என்று இல்லாமல் 'பறிக்கப்பட்டது' என்று இருக்கட்டும். ஏஜென்ட்மீதான வழக்கில் அந்த ஒரு சொல் பின்னால் தேவைப்படும்.